ஏற்பியில் கோளாறா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

எலெக்ட்ரானை விரும்பி வாங்கிக்கொள்ளும் கரிமப் பொருளை ஏற்பி என்கிறோம். ஃபுல்லரீன் வகையில் சி60, அதைக் கரைசலில் கரையும்படி மாற்றிய பிசிபிஎம். ஃபுல்லரீன் அல்லாதவற்றில் ஐடிஐசி, ஒய்6. டிரான்சிஸ்டர் செய்பவர்கள் கையில் நாஃப்தலீன் டைஇமைடு, பெரிலீன் டைஇமைடு வகைகள், என்2200 என்ற பாலிமர். டோப்பிங்குக்கு, அதாவது கடத்துதிறனை ஏற்றச் சிறிதளவு கலப்பதற்கு, எஃப்4-டிசிஎன்கியூ. ஒவ்வொன்றின் வேலையும் வேறு. ஆனால் இவற்றால் செய்த கருவி, சோலார் செல்லோ டிரான்சிஸ்டரோ, படுத்துக்கொண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஏற்பிக்குப் போய்ச்சேர வேண்டிய எலெக்ட்ரானை வழியில் பறித்தது யார்? தண்ணீர், ஆக்சிஜன், கண்ணாடிப் பரப்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில், பொருந்தாத மின்வாய் என்று சந்தேகப்பட வேண்டியவர்கள் பலர். மூலப்பொருள் விற்றவரைத் திட்டுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதையும் மாற்றும் முன்

ஒவ்வொரு தொகுதியிலும் நன்றாகத் தெரிந்த ஒரு செய்முறையில் இரண்டு கருவி கூடவே செய்யுங்கள். பி3ஹெச்டி என்ற வழங்கிப் பாலிமரும் (எலெக்ட்ரானைக் கொடுக்கும் பொருள்) பிசிபிஎம்மும் கலந்த சோலார் செல் என்றால் திறந்த சுற்று மின்னழுத்தம் (மின்னோட்டம் எடுக்காதபோது இருப்பது) 0.6 வோல்ட் பக்கத்தில் வர வேண்டும். பிஎம்6 என்ற வழங்கியோடு ஒய்6 சேர்ந்தது என்றால், 2019ல் சாங்ஷாவின் மத்திய தெற்குப் பல்கலைக்கழகத்தில் சோ யிங்பிங் குழு வெளியிட்ட அளவுகள் கையில் இருக்கின்றன: 0.83 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லியாம்பியர் சொச்சம், ஃபில் ஃபேக்டர் (மின்னோட்ட-மின்னழுத்த வளைவு எவ்வளவு சதுரமாக இருக்கிறது என்ற அளவு) 75 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, திறன் 15.7 சதவீதம். அந்த அளவு எல்லோருக்கும் எட்டாது. 13, 14 வந்தாலே உங்கள் வரிசை ஆரோக்கியமாக இருக்கிறது என்று கொள்ளலாம். தெரிந்த செய்முறையே செத்துக் கிடந்தால், புது ஏற்பியைப் பற்றி நீங்கள் எழுதிவைத்த எந்த முடிவும் செல்லாது. குளோவ் பாக்ஸின் (காற்றுபடாமல் வேலை செய்யும் பெட்டி) ஆக்சிஜன், ஈரப்பத அளவுகளையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். பிறகு அறிகுறி ஒத்துப்போகும்போது அந்த வரிதான் உதவும்.

அறிகுறி: டிரான்சிஸ்டரில் எலெக்ட்ரான் மின்னோட்டமே இல்லை

கேட்டில் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை) நேர் மின்னழுத்தம் கொடுக்கிறீர்கள், டிரெயின் முனையில் மின்னோட்டம் இரைச்சல் அளவிலேயே கிடக்கிறது. எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் ஹோல் மின்னோட்டம், அதாவது எலெக்ட்ரான் இல்லாத காலியிடங்களின் ஓட்டம், மட்டும் வருகிறது. இதைப் பார்த்ததும் 'இது ஹோலை மட்டும் கடத்தும் பி வகைப் பொருள்தான்' என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். இந்தத் துறையே நெடுங்காலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. 2005ல் கேம்பிரிட்ஜின் ஃப்ரெண்ட், சிர்ரிங்ஹாஸ் உள்ளிட்ட குழு அந்த நம்பிக்கையை உடைத்தது. சிலிக்கான் ஆக்சைடின் பரப்பில் நிற்கும் சிலனால் குழுக்கள் (சிலிக்கானில் ஒட்டிய ஹைட்ராக்சில்) எலெக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன; ஹைட்ராக்சில் இல்லாத பிசிபி பாலிமரை மின்காப்புப் படலமாகப் போட்டால், ஹோல் மட்டுமே கடத்தும் என்று நினைத்திருந்த பாலிமர்களும் எலெக்ட்ரானைக் கடத்துகின்றன என்று காட்டினார்கள்.

அதனால் முதல் சோதனை மின்காப்புப் படலத்தில். ஆக்சைடு வேஃபரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு தட்டையாகப் பரவி நனைத்தால் அந்தப் பரப்பில் சிலனால் நிறைய இருக்கிறது. சிலனாலை மூடும் ஹெச்எம்டிஎஸ் அல்லது ஆக்டாடெசில்டிரைகுளோரோசிலேன் பூச்சு சரியாகப் பிடித்திருந்தால் சொட்டு குவிந்து உருண்டு நிற்கும். இந்தப் பூச்சு அரைகுறையாகப் பிடிப்பதுதான் வழக்கமான கோளாறு. காரணம் பெரும்பாலும் பிளாஸ்மாவில் சுத்தம் செய்த வேஃபர் வெளிக்காற்றில் நெடுநேரம் கிடந்தது, அல்லது சிலேன் பாட்டிலுக்குள் ஈரம் புகுந்தது. பாட்டிலின் கழுத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுப் புதிதைத் திறங்கள். பூச்சோடு போராட நேரம் இல்லையென்றால் மேல்-கேட் வடிவத்துக்கு மாறி, பிஎம்எம்ஏ அல்லது சைடாப் படலத்தை மின்காப்பாகப் போடுங்கள். என் அபிப்பிராயத்தில், எலெக்ட்ரானைக் கடத்தும் 'என்' வகைப் பொருளுக்கு இதுதான் குறைந்த தலைவலி. என்2200 பாலிமரை 2009ல் அறிமுகப்படுத்திய குழுவும் மேல்-கேட் கருவிகளில்தான் நல்ல எண்களைக் காட்டியது.

மின்காப்பு சரி என்றால் அடுத்தது மின்வாய். தங்கத்தின் வேலைச் சார்பு, அதாவது அதிலிருந்து எலெக்ட்ரானை வெளியே எடுக்க வேண்டிய ஆற்றல், 5 எலெக்ட்ரான் வோல்ட் அருகே இருக்கிறது. காற்றுபட்ட தங்கத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. உங்கள் ஏற்பியின் லூமோ, அதாவது எலெக்ட்ரான் வந்து உட்காரும் காலி மட்டம், 3.7ல் இருந்தால் நடுவில் ஏற வேண்டிய சுவர் உயரமானது. டிரெயின் வளைவை மிகச் சிறிய மின்னழுத்தத்திலிருந்து வரையுங்கள். தொடக்கத்தில் நேர்க்கோடாக எழாமல், வளைந்து தயங்கி அப்புறம் ஏறினால் தடை மின்வாயில் இருக்கிறது. கால்சியம் அல்லது அலுமினியத்தில் அதே கருவியைச் செய்து பாருங்கள். வேறு வழி, பிஇஐஇ என்ற அமீன் பாலிமரை 10 நானோமீட்டருக்கும் குறைவான படலமாக மின்வாய் மேல் பூசி வேலைச் சார்பை இறக்குவது. ஜார்ஜியா டெக்கில் கிப்பலன் குழு 2012ல் இதைப் பரவலாக்கியது. இந்த அமீனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது சோலார் செல் பகுதியில் வரும்.

இடையில் ஒரு எச்சரிக்கை. மின்வாய்த் தடை உள்ள கருவியின் மாற்று வளைவில் (கேட் மின்னழுத்தத்துக்கு எதிராக வரைந்த டிரெயின் மின்னோட்டம்) இரண்டு சரிவுகள் தெரியும். செங்குத்தான சரிவை மட்டும் எடுத்து நகர்திறன் கணக்குப் போட்டால் எண் பிரமாதமாக இருக்கும், உண்மையாக இருக்காது. வெளிவந்த பல பெரிய எண்களின் கதை இதுதான்.

அறிகுறி: குளோவ் பாக்ஸுக்குள் ஓடுகிறது, வெளியே எடுத்தால் அடங்கிவிடுகிறது

இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒன்று 3.6, இன்னொன்று 4.0. இரண்டும் வெற்றிட மட்டத்திலிருந்து கீழே, எலெக்ட்ரான் வோல்ட்டில்.

பால் பிளாம் குழு 2012ல் பல பாலிமர்களை ஒப்பிட்டபோது, எலெக்ட்ரான் பொறிகள் (எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் மட்டங்கள்) எல்லாவற்றிலும் ஏறக்குறைய 3.6 மட்டத்திலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பாலிமருக்குப் பாலிமர் மாறாத பொறி என்றால் அது பாலிமரின் குணமாக இருக்க முடியாது. தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். லூமோ 3.6க்கு மேலே, அதாவது 3.0 அல்லது 3.2ல் உள்ள பொருள் எவ்வளவு சுத்தமான அறையிலும் கொஞ்சம் தடுமாறும். அதற்குக் கீழே இறங்கிய பொருளுக்கு அந்தப் பொறி பொறியே இல்லை.

ஆனால் திறந்த காற்றில் ஓட இது போதாது. எதிர் மின்சுமை ஏறிய மூலக்கூறு ஆக்சிஜனோடும் ஈரத்தோடும் வினைபுரியாமல் இருக்க, லூமோ சுமார் 4.0க்கும் கீழே இறங்க வேண்டும். பெரிலீன் டைஇமைடின் நடு வளையத்தில் சயனோ குழுக்களை ஏற்றி நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2004ல் செய்தது இதைத்தான். அதற்கு முன்பே, 2000ல், பெல் ஆய்வகத்தில் ஹோவர்ட் காட்ஸ் குழு வேறு வழியில் போனது: நாஃப்தலீன் டைஇமைடுக்கு ஃபுளோரின் ஏற்றிய பக்கச் சங்கிலிகளை மாட்டியது. அவை நெருக்கி அடுக்கி நின்று ஆக்சிஜனை உள்ளே விடுவதில்லை என்பது விளக்கம்.

பிசிபிஎம் இந்த எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. அதனால் அது வெளியே தடுமாறுவது கோளாறு அல்ல, இயல்பு. கண்டறிய வேண்டியது பாதிப்பு மீளுமா, மீளாதா என்பது. கருவியை வெற்றிடத்தில் வைத்து 100 டிகிரி அருகே சூடாக்கி, ஆற வைத்து மறுபடி அளக்கவும். மின்னோட்டம் திரும்பினால் உள்ளே நுழைந்தது உறிஞ்சப்பட்ட ஈரமும் ஆக்சிஜனும்தான். மூடி ஒட்டிவைத்தால் வேலை முடிந்தது. திரும்பவில்லை என்றால் மூலக்கூறே மாறியிருக்கிறது, அல்லது கால்சியம் மின்வாய் ஆக்சைடாகிவிட்டது. ஓரத்தில் கண்ணாடிபோல் தெளிந்து போயிருக்கிறதா என்று மின்வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாலே கால்சியம் விஷயம் தெரிந்துவிடும்.

அறிகுறி: சோலார் செல்லில் மின்னழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு

வழங்கியின் ஹோமோவுக்கும் (எலெக்ட்ரான் நிறைந்த மட்டங்களில் மேலே உள்ளது) ஏற்பியின் லூமோவுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து 0.3 வோல்ட்டைக் கழித்தால் வருவது எதிர்பார்க்கும் மின்னழுத்தம் என்று ஒரு கணக்கு உண்டு. 2006ல் ஷார்பர் முதலானோர் ஃபுல்லரீன் செல்களை வைத்து அமைத்தது. ஒய்6 போன்ற ஏற்பிகளில் இழப்பு இதைவிடக் குறைவாக இருப்பதால் கணக்கு நகரும்.

இங்கே சிக்கல் பலமுறை செல்லில் இல்லை, எதிர்பார்ப்பில் இருக்கிறது. லூமோவை சைக்ளிக் வோல்ட்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டம் பார்க்கும் முறை) அளந்து ஃபெரோசீனை ஒப்பிட்டு எலெக்ட்ரான் வோல்ட்டாக மாற்றும்போது, ஒரு ஆய்வகம் ஃபெரோசீனுக்கு 4.8 வைக்கும், இன்னொன்று 5.1 வைக்கும். நீங்கள் தேடும் காணாமல்போன 0.3 வோல்ட் அங்கேயே கிடக்கலாம். வழங்கியின் எண்ணை ஒரு கட்டுரையிலிருந்தும் ஏற்பியின் எண்ணை இன்னொன்றிலிருந்தும் எடுத்துக் கழிக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மின்வாயில் அளக்கவும்.

அளவீடு சரி என்றால் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கவும். பத்தில் ஒரு பங்காக்கினால் நல்ல செல்லில் மின்னழுத்தம் சுமார் 60 மில்லிவோல்ட் இறங்கும். பொறிகள் இருந்தால் கூடுதலாக இறங்கும், 100ஐத் தாண்டலாம். அதற்கும் மேலே பல நூறு மில்லிவோல்ட் சரிந்தால் அது கசிவு. இருட்டு வளைவை வரைந்தால் கசிவு நேராகவே தெரியும்: எதிர்த்திசையில் மின்னோட்டம் நேர்க்கோடாக ஏறும். ஐடிஓ என்ற ஒளி புகும் மின்வாயின் ஓரத்தில் உள்ள கூர்முனை, வடிகட்டாத கரைசலில் மிதந்த துகள், படலத்தில் ஊசித்துளை என்று வரிசையாகப் பாருங்கள்.

கசிவு இல்லாமலும் மின்னழுத்தம் குறைவு, ஜோடியே அவ்வளவுதான் தரும் என்று தோன்றினால் ஏற்பியை மாற்றுவதே வழி. பி3ஹெச்டியோடு பிசிபிஎம்முக்குப் பதிலாக இரண்டு இண்டீன் ஏறிய ஐசிபிஏவைப் போட்டபோது மின்னழுத்தம் 0.6லிருந்து 0.84க்கு ஏறியது. லூமோ மேலே போனதுதான் காரணம், வேறு மந்திரம் இல்லை.

அறிகுறி: வளைவு எஸ் எழுத்துபோல் நெளிகிறது

நான்காவது கால்பகுதியில் வளைவு வயிறு உள்வாங்கிக் கிடக்கும், ஃபில் ஃபேக்டர் 30, 40க்குள் நிற்கும். எலெக்ட்ரான் ஏற்பிவரை வந்துவிட்டது, வெளியேற வழியில்லை என்று பொருள்.

துத்தநாக ஆக்சைடோ டைட்டேனியம் ஆக்சைடோ அடியில் இருக்கும் தலைகீழ் செல் என்றால், சோலார் சிமுலேட்டர் அடியில் சில நிமிடம் விட்டு மறுபடி அளக்கவும். நெளிவு தானாக நிமிர்ந்து, ஒருநாள் இருட்டில் வைத்தபின் திரும்ப வந்தால் பழி ஆக்சைடின் மேல். அதன் பரப்பில் ஒட்டிய ஆக்சிஜன் எலெக்ட்ரானைப் பிடித்துவைத்திருந்தது, புற ஊதா ஒளி விடுவித்தது. புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர் போட்டு அளந்தால் நெளிவு நிமிராது. இதைவிட நல்ல சான்று வேண்டாம். டின் ஆக்சைடுக்கு மாறினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறைகிறது.

ஒளியில் வைத்தும் நிமிரவில்லை என்றால் மின்வாய்க்கும் ஏற்பிக்கும் நடுவே உள்ள இடைப்படலத்தின் தடிமனைக் குறையுங்கள். பிஎஃப்என்-பிஆர் போன்றவை 5 நானோமீட்டர் சுற்றி இருந்தால்தான் உதவி. 20 ஆனால் அவையே சுவர். பிடிஐஎன்ஓ கொஞ்சம் தடிமனைப் பொறுத்துக்கொள்ளும், ஏனெனில் பெரிலீன் டைஇமைடு உடம்பு என்பதால் எலெக்ட்ரானைக் கடத்தத் தெரிந்தது.

இப்போது அந்த அமீன் விஷயம். பிஇஐஇ அடியில் வைத்து மேலே ஐடிஐசி வகை ஏற்பியைப் பூசினால், அமீன் போய் ஏற்பியின் ஓரக் குழுவை இணைக்கும் இரட்டைப் பிணைப்பில் ஏறிக்கொள்கிறது. மூலக்கூறின் தொடர்ச்சி அங்கே அறுந்துபோகிறது. சோதிக்க மிக எளிய வழி உண்டு: நீர்த்த ஏற்பிக் கரைசலில் ஒரு துளி பிஇஐஇ கரைசலை விட்டு ஒதுக்கிவையுங்கள். நீல நிறம் மங்கிக்கொண்டே போனால் அந்த ஜோடியைச் சேர்த்து வைக்காதீர்கள். ஃபுல்லரீனோடு வருடக்கணக்கில் பிரச்சினை தராத இடைப்படலம் புதிய ஏற்பியோடு சண்டை போடுவது இப்படித்தான். பழைய செய்முறையில் ஏற்பியை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அறிகுறி: மின்னோட்டம் குறைவு, மின்னழுத்தம் மட்டும் சரியாக இருக்கிறது

படலத்தைப் பாருங்கள். ஒளி பட்டு உண்டாகும் எக்ஸைட்டான் (எலெக்ட்ரானும் ஹோலும் ஒட்டிய ஜோடி) பொதுவாக 10 நானோமீட்டர் சொச்சம்தான் நடக்கும். வழங்கியும் ஏற்பியும் அதைவிடப் பெரிய திட்டுகளாகப் பிரிந்தால், எக்ஸைட்டான் எல்லையைத் தொடும்முன் அணைந்துவிடும். ரொம்ப நுணுக்கமாகக் கலந்துவிட்டால் பிரிந்த எலெக்ட்ரானுக்கு வெளியேறப் பாதை இருக்காது. அப்போது ஃபில் ஃபேக்டரும் சேர்ந்து விழும்.

பி3ஹெச்டி-பிசிபிஎம் என்றால் கண்ணே கருவி. சூடாக்கும் முன் ஆரஞ்சுப் பழுப்பாக இருந்த படலம் 150 டிகிரியில் ஊதா நிறத்துக்கு மாற வேண்டும், உறிஞ்சு நிறமாலையில் 605 நானோமீட்டர் அருகே தோள் எழ வேண்டும். எழவில்லை என்றால் பாலிமர் ஒழுங்காக அடுக்கவில்லை.

ஒய்6க்கு ஹாட் பிளேட்டைவிடக் கைவேகம் முக்கியம். குளோரோஃபார்ம் கரைசல் சரியாக மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் செறிவில் இருந்தாலும், புட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடி பத்துச் செல் பூசுவதற்குள் கரைப்பான் பறந்து செறிவு ஏறிவிடும். முதல் செல் 100 நானோமீட்டர், கடைசிச் செல் 150 என்று ஆகிவிடும். பிப்பெட் முனையில் குளோரோஃபார்ம் நிற்காமல் சொட்டுவது இன்னொரு தொல்லை. கரைசலை இரண்டு மூன்று முறை உறிஞ்சித் தள்ளி முனைக்குள் ஆவி நிறைத்த பிறகு எடுத்தால் சொட்டு நிற்கும். சுற்று வேகம் எட்டியபின், நடுவில், ஒரே அழுத்தாக விடுங்கள். நின்ற தட்டில் விட்டுவிட்டுச் சுற்றினால், சொட்டு விழுந்த இடத்தில் வட்டத் தழும்பு அப்படியே உறைந்துவிடும்.

படலத்தைப் பிறகு நிறமாலையில் பாருங்கள். கரைசலில் 730 நானோமீட்டரில் இருக்கும் ஒய்6 உச்சி, நல்ல படலத்தில் 820-830க்கு நகரும். நகராமல் தயங்கினால் மூலக்கூறுகள் சரியாக அடுக்கவில்லை: அரை சதவீத குளோரோநாஃப்தலீன் சேர்த்தீர்களா, 110 டிகிரியில் 10 நிமிடம் வைத்தீர்களா என்று சரிபாருங்கள்.

படலமும் நன்றாக இருந்தால், குவாண்டம் திறன் (விழும் ஒளித்துகள்களில் எத்தனை எலெக்ட்ரானாக வெளிவருகிறது) அளவீட்டைத் தொகுத்து வரும் மின்னோட்டத்தை சிமுலேட்டர் எண்ணோடு ஒப்பிடுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் விளக்கோ, ஒளி படும் பரப்பை வரையறுக்கும் மறைப்புத் தகட்டின் அளவோ தவறு. செல்லைத் தொட வேண்டாம்.

அறிகுறி: செய்த அன்று நன்று, சில நாளில் இறக்கம்

நுண்ணோக்கியில் ஊசிகளோ பெரிய கருந்திட்டுகளோ தெரிந்தால் பிசிபிஎம் படிகமாகி வெளியேறியிருக்கிறது. சூடு அதிகம் அல்லது ஏற்பியின் பங்கு அதிகம். நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் நிறம் மட்டும் வெளுத்தால், ஃபுல்லரீன் அல்லாத ஏற்பி துத்தநாக ஆக்சைடின் மேல் புற ஊதாவில் சிதைகிறது. நடு உடலையும் ஓரக் குழுவையும் சேர்க்கும் அந்தப் பழைய இரட்டைப் பிணைப்புதான் இங்கேயும் பலவீனமான இடம். டைஅயோடோஆக்டேன் சேர்த்த செல்களில் மூன்றாவது வாய்ப்பு உண்டு: படலத்திலேயே தங்கிவிட்ட அந்தக் கரைப்பான் ஒளியில் உடைந்து ராடிக்கல்களை விடும். அதை வெற்றிடத்தில் ஒரு இரவு வைத்து வெளியேற்றாமல் மின்வாய் படிய வைக்காதீர்கள்.

அறிகுறி: டோப்பன்ட் ஏற்ற ஏற்ற கடத்துதிறன் நின்றுவிடுகிறது

எஃப்4-டிசிஎன்கியூ போட்ட பாலிமரில் நிறமாலையைப் பாருங்கள். 770, 870 நானோமீட்டர் அருகே எதிரயனியின் உச்சிகள் வந்தால் எலெக்ட்ரான் உண்மையாகவே கைமாறியிருக்கிறது. வரவில்லை என்றால் பாலிமரின் ஹோமோ 5.2ஐவிட ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் இந்த டோப்பன்ட் அதைத் தொடவே முடியாது, எவ்வளவு கொட்டினாலும் வீண். உச்சிகள் வந்தும் கடத்துதிறன் தேங்கினால் கலந்த கரைசலில் துகள் இறங்கியிருக்கும். பாலிமர் படலத்தை முதலில் பூசி, டோப்பன்டை மேலே தனியாக ஏற்றிப் பாருங்கள்.

எலெக்ட்ரானைக் கடத்தும் 'என்' வகையில், என்2200-க்கு என்-டிஎம்பிஐ என்ற டோப்பன்டைச் சேர்க்கும்போதும் இதே கதை. கரைவதில்தான் தடை: சேர்த்ததில் மிகச் சிறிய பங்குதான் பாலிமருக்குள் போய் எலெக்ட்ரான் கொடுக்கிறது, மீதி மேற்பரப்பில் தனியாகப் படிகிறது. அனீலிங், அதாவது பூசியபின் சூடாக்குதல், இல்லாமல் அந்தச் சிறு பங்கும் விழித்துக்கொள்ளாது.

ஓஎல்இடி (கரிம ஒளி உமிழும் டையோடு) பக்கம் ஒரு குறிப்பு. எஃப்4-டிசிஎன்கியூ குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவிப்படிவு அறையின் சுவரில் ஒட்டி, அடுத்த வாரம் வேறு யாரோ செய்யும் ஒளி உமிழும் படலத்துக்குள் வந்து ஒளியை அணைக்கும். உங்கள் அறையில் காரணமில்லாமல் எல்லோருடைய பிரகாசமும் ஒரே சமயத்தில் குறைந்தால், அறைப் பதிவேட்டில் அதற்கு முன் யார் என்ன ஏற்றினார்கள் என்று பாருங்கள். கேடயத் தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ஹோல் செலுத்தும் படலத்துக்கு மட்டும்தான் வேண்டும் என்றால் ஹெச்ஏடி-சிஎன்னுக்கு மாறிக்கொள்ளுங்கள், அறையைப் பங்குபோடுகிறவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.